கனியின் தூய்மை

ஜொகூர் மாநிலத்து அம்மன் ஆலயங்களில், செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கரை மணிக்கும் இடைப்பட்ட இராகு காலத்தில், எலுமிச்சங்கனியை இரண்டாக அரிந்து, சாற்றைப் பிழிந்து, தோலை உட்புறம் வெளியாகத் திருப்பிக் கிண்ணமாக்கி, நெய் வார்த்துத் திரியிட்டுத் துர்க்கையின் சந்நிதியில் ஏற்றிவைக்கும் பெண்கள், அக்கனியைக் கடையில் பொறுக்கும்போதே ஒரு பரீட்சையை நடத்தி முடித்துவிடுகிறார்கள்: தோலில் கறை இருத்தலாகாது, புழு துளைத்திருத்தலாகாது, காம்படியில் அழுகல் தொட்டிருத்தலாகாது. அதே பிற்பகலில், 1924-ஆம் ஆண்டு முறைப்படி திறந்துவைக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தின் வழியாகவும், 1998-இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் பாலத்தின் வழியாகவும் சிங்கப்பூருக்குச் செல்லும் லாரிகளிலும், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில் இறங்கியேறும் குளிர்ப்பெட்டிகளிலும் அடைபட்டிருக்கும் கனிகளைக் குறித்து வேறொரு பரீட்சை நடக்கிறது. பூச்சி உண்டா, பூஞ்சை உண்டா, மருந்தின் எச்சம் அளவை மீறியிருக்கிறதா என்று கேட்கும் அந்தப் பரீட்சையை நடத்துகிறவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். முன்னவள் தெய்வத்தின் பெயரால் கேட்கிறாள். பின்னவர் தேசத்தின் பெயரால் கேட்கிறார். இருவரும் கேட்பது தூய்மையையே.

பழ ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் கவனித்துவரும் செய்திகள், வெளியிலிருப்பவனுக்கு வறண்டவையாகவே தோன்றும். இன்ன தேசம் இன்ன தேசத்து ஆரஞ்சுக்குக் கதவைத் திறந்தது, இன்ன தேசம் இன்ன அந்துப்பூச்சியைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தியது, இனி இத்தனை நாள் இத்தனை பாகைக் குளிரில் வைத்த பின்னரே கப்பலேற்றலாம் என்று விதி வந்தது என்பன போன்ற செய்திகள் அவை. ஆயினும் அவற்றைச் சற்று நின்று வாசிப்போமானால், சமயங்கள் தோன்றிய நாள்முதல் மனிதனைத் துன்புறுத்திவரும் ஒரு கேள்வியே அங்கு வேறு வேடத்தில் நடமாடுவது புலப்படும். தூய்மை என்பது பொருளில் இருக்கிற குணமா, பார்ப்பவன் உள்ளத்தில் இருக்கிற பாவனையா, அன்றி ஒருவர் இன்னொருவருக்குச் செலுத்தவேண்டிய கடனா? கடன் எனின், யாருக்குச் செலுத்துவது? இக்கேள்வியை எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு முதலாய கனிகளை வைத்துக்கொண்டு ஆராய்வது விநோதமாகப் படலாம். ஆனால் பூமண்டலத்தில் இக்கனிவர்க்கத்தைப் போல வழிபாட்டிலும் வாணிகத்திலும் ஒருங்கே இடம்பெற்ற கனிகள் மிகச் சிலவே என்பதால், ஆராய்ச்சிக்கு இதைவிடத் தக்க பொருள் கிடைப்பது அரிது.

தெய்வத்துக்கு நம் தூய்மை வேண்டுமா என்பதை முதலில் பார்ப்போம். சைவ மரபு இதற்கு ஐயத்துக்கு இடமின்றி விடை கூறியிருக்கிறது. காளத்தி மலையில், வாயில் முகந்து வந்த நீரால் அபிஷேகம் செய்து, தலையில் செருகி வந்த மலரைச் சூட்டி, தான் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்த இறைச்சியை நிவேதித்த வேடர்குல இளைஞரின் பூஜையை இறைவன் ஏற்றுக்கொண்டான். ஆகமம் வழுவாமல் பூசித்த சிவகோசரியார், ஒளிந்து நின்று அந்த அன்பைக் காணும்படி செய்யப்பட்டார். பெரியபுராணம் இவ்வரலாற்றை விரித்துரைப்பது சிவகோசரியாரின் ஆசாரத்தை இகழ்வதற்காக என்று நான் கருதவில்லை. அவருடைய பூஜையும் பூஜைதான். ஆசாரத்தின் எல்லை எது என்பதைக் காட்டுவதற்காகவே அது சொல்லப்பட்டது. கீதையில் கண்ணன் இலை, பூ, கனி, நீர் என்னும் எளிய பொருள்களை எண்ணிச் சொல்லுமிடத்திலும், அவற்றின் தரத்தைப் பற்றி ஒரு நிபந்தனையும் விதிக்கவில்லை; கொடுப்பவனுடைய பக்தியே அங்கு ஒரே நிபந்தனை.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒட்டனந்தல் கிராமத்தில் இரத்தினவேல் முருகன் ஆலயம் என்று ஒன்று உண்டு. பங்குனி உத்திர உற்சவத்தின்போது ஒன்பது நாள்களும் நாளுக்கொன்றாக மூலவரின் வேலில் செருகப்படும் எலுமிச்சங்கனிகளை, உற்சவம் முடிந்தபின் இரவில் ஏலம் விடுவது அவ்வூர்ச் சம்பிரதாயம். குழந்தைப்பேறு வேண்டும் தம்பதிகள் போட்டியிட்டு எடுக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டில் அந்த ஒன்பது கனிகளும் 2,36,000 ரூபாய்க்கு மேல் விலைபோயின. முதல்நாள் கனி ஒன்றே 50,500 ரூபாய்க்குப் போயிற்று. தரம்பிரிக்கும் கூடத்தில் அவற்றை வைத்தால், நாள்பட்டு வதங்கி, இரும்பு துளைத்த அக்கனிகளை முதற்பார்வையிலேயே கழித்துக் கூடையில் எறிந்துவிடுவார்கள். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கேரளத்துக்குப் போகும் எலுமிச்சைக்கும், இதற்கும் கனி என்ற அளவில் பேதமில்லை. இங்கு மதிப்பு ஏறியது கனியின் குணத்தால் அன்று. அது யாரைத் தொட்டது என்கிற சம்பந்தத்தால். இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் உண்டு. பிள்ளையில்லாத வீட்டின் ஏக்கத்தை ஏலக்காரனின் குரலில் கேட்டவர்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டார்கள் என்பது என் எண்ணம். அது நிற்க. தெய்வ சந்நிதியில் கனியின் மாசு ஒரு பொருட்டன்று என்பதே இங்கு நமக்கு வேண்டிய பிரமாணம்.

சித்தாந்தம் இன்னும் ஒருபடி ஆழமாகப் போகிறது. இறைவன் இயல்பாகவே மலமற்றவன். மலம் என்பது உயிரைப் பற்றியது. அதிலும் மூலமலமாகிய ஆணவமே அநாதி இருள். ஆகவே நாம் கழுவ வேண்டிய அழுக்கு கனியின் தோலில் இல்லை, கழுவுகிறவனிடத்தே இருக்கிறது. அப்படியாயின் பெண்கள் கடையில் நடத்தும் பரீட்சையும் உத்தியோகஸ்தர் துறைமுகத்தில் நடத்தும் பரீட்சையும் வெறும் சடங்குகள்தானா? முன்னதைப் பற்றி, அன்புள்ளவன் தன்னிடமுள்ளவற்றில் சிறந்ததைத் தேடிக் கொடுப்பான் என்று சமாதானம் கூறலாம். அது போதுமான சமாதானமுமாகும். பின்னதைப் பற்றிக் கூறவேண்டியது நிறைய இருக்கிறது. ஏனெனில் அங்கு தூய்மை தெய்வத்துக்குச் செலுத்தப்படுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத ஓர் அயலானுடைய தோப்புக்குச் செலுத்தப்படுகிறது.

தாவர சாஸ்திரிகள் ரூட்டேசியே என்று பெயரிட்டிருக்கும் குடும்பத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். அம்மன் சூலத்தில் செருகும் எலுமிச்சை அக்குடும்பத்தது. சிவனுக்குரிய வில்வம் அக்குடும்பத்தது. நம் சமையலறையில் தாளிதத்தில் பொரியும் கறிவேப்பிலை அக்குடும்பத்தது. சீனப் புத்தாண்டில் ஜொகூர் பாரு வீடுகளில் ஒருவருக்கொருவர் இணையிணையாகக் கொடுத்து மரியாதை செய்யும் மாண்டரின் ஆரஞ்சும், மலாய்க்காரர் சம்பலில் பிழியும் கஸ்தூரி எலுமிச்சையும், பேராக் மாநிலத்துத் தம்புன் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பம்பளிமாஸும், இந்நாட்டு வீடுகளில் வேலிச்செடியாக மணக்கும் கெமுனிங்கும் அக்குடும்பத்தனவே. இந்நாட்டில் மூன்று இனத்தாரும் தத்தம் சமயத்துக்கும் உணவுக்கும் வைத்துப் போற்றும் பொருள்கள், அவர்கள் அறியாமலே, ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கின்றன. ஆகையால் ஒன்றுக்கு வரும் நோய் மற்றொன்றின்மேல் ஏறி ஊர் சுற்றுகிறது.

அந்நோய்களில் கொடியது, சீனத்தில் ஹுவாங்லாங்பிங் என்று பெயர்பெற்றது. தென்சீனத்துத் தோட்டங்களை அது அழித்துவந்த காலத்தில், மண்ணின் குறை என்றும் நீரின் மிகுதி என்றும் பலர் பலவாறு கூறிவர, லின் குங்சியாங் என்னும் விஞ்ஞானி ஒட்டுக்கட்டிப் பரிசோதித்து, இது ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தொற்றும் நோயே என்று 1956-ஆம் ஆண்டில் நிலைநாட்டினார். மரத்தின் உணவுக்குழாயில் குடிபுகும் ஒரு நுண்ணுயிர் அதற்குக் காரணம். சைலிட் என்னும் மிகச்சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி அதைச் சுமந்து செல்கிறது. இலை திட்டுத்திட்டாக மஞ்சளிக்கும். கனி கோணலாகச் சிறுத்துப் பாதி பச்சையாகவே நின்றுவிடும். சில வருஷங்களில் மரம் பட்டுப்போகும். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மலேசியத் தோட்டங்களையும் அது விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1998-இல் பூச்சியும் 2005-இல் நோயும் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்குமுன் 2003-04 பருவத்தில் ஏறக்குறைய 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில், 2024-25 பருவத்தில் விளைந்தது ஏறக்குறைய 1.2 கோடிப் பெட்டிதான். சூறாவளிகளும் அந்த நாசத்துக்குத் துணைபோயின என்றாலும், முதற்குற்றவாளி இந்நோயே. அழகுக்காக வளர்க்கும் கெமுனிங் செடிகளை நாற்றங்கால்களிலிருந்து கடைகளுக்கும் கடைகளிலிருந்து வீடுகளுக்கும் கொண்டுசென்ற பாதை, அங்கு அந்தப் பூச்சியின் பாதையாகவும் ஆயிற்று. செடி வாங்கியவர்களில் ஒருவரும் யாருக்கும் தீங்கு நினைத்தவரல்லர்.

தீங்கு நினையாமலே தீங்கு செய்ய முடியும் என்பதால்தான் தர்மசாஸ்திரம் சிக்கலானதாகிறது. ஜொகூரிலிருந்து மகளைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். சிவராத்திரிக்கு உதவும் என்று வீட்டு வில்வத்திலிருந்து ஒரு கொத்தும், குழம்புக்கு மணம் வேண்டும் என்று கறிவேப்பிலை ஒரு கொத்தும் சேலை மடிப்பில் வைத்துக்கொள்கிறாள். ஒன்று பக்தி, மற்றொன்று பாசம். இரண்டிலும் குற்றம் காண்பது கடினம். ஆனால் ஆஸ்திரேலியா இந்நோயும் அப்பூச்சியும் இல்லாத தேசம். அந்தக் கொத்தின் இளந்தளிரில் கடுகினும் சிறிய முட்டை ஒட்டியிருக்குமானால், அவள் பார்த்தேயிராத குடியானவர்கள் பலரின் தோப்பை அவள் பக்தி தீண்டிவிடும். அத்தேசமும் அமெரிக்காவும் இவ்வர்க்கத்து இலைகளைப் பயணிகள் கொண்டுவருவதைத் தடுப்பது நம் சமயத்தின்மேல் கொண்ட விரோதத்தால் என்று நம்மவர்களில் சிலர் பேசுவதை நான் கேட்டதுண்டு. அது பிழையான பேச்சு. வள்ளலார் உபதேசித்த ஜீவகாருண்யம் பயிர்வரைக்கும் நீண்டது. பயிர்களின் உயிரைக் காக்கும் விதியை இறைவன்மேல் பழிபோட்டு மீறுவதற்கு அவர் மரபில் இடமில்லை. தெய்வத்துக்கு மாசு ஒரு பொருட்டன்று என்ற பிரமாணம் நம்மை விதியிலிருந்து விடுவிப்பதில்லை. மாறாக, அந்த இலை தெய்வத்துக்குத் தேவையே இல்லாதபோது அயலானுக்கு ஆபத்தை உண்டாக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வியைக் கூர்மையாக்கி நம்மிடமே திருப்பிவிடுகிறது.

இவ்வளவு தூரம் தூய்மையின் பக்கம் வாதாடினேன். இனி, அத்தூய்மையே எவ்வாறு அநியாயத்தின் ஆயுதமாகிறது என்பதையும் பேசாவிட்டால் சத்தியத்தின் ஒரு கண்ணைக் குருடாக்கியவன் ஆவேன்.

யூதர்கள் கூடாரப் பண்டிகைக்கு ஏந்தும் எத்ரோக் என்னும் கடாநாரத்தை இதற்கு நல்ல உதாரணம். அக்கனி மற்றொரு நாரத்தையோடு ஒட்டுக்கட்டிய மரத்தில் விளைந்ததாக இருக்கலாகாது என்பது அவர்கள் ஆசாரியர்களின் தீர்ப்பு. தோலில் சிறு வடுவும் இருத்தலாகாது. குளிர்தேசங்களில் அம்மரம் விளையாது. ஆகவே ஐரோப்பிய யூதர்கள் மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்தே அதைத் தருவிக்க நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரேக்கத்துக் கோர்ஃபு தீவின் கனிகள் பெரிதும் விரும்பப்பட்டன. அவை ஒட்டுமரத்தவையா அல்லவா என்று ஆசாரியர்களிடையே நெடுங்கால வழக்கு நடந்தது. வியாபாரிகள் ஒன்றுகூடி விலையை உயர்த்தியபோது, ஏழைகளின் கையைக் கடிக்கும் அக்கனியை வாங்கவேண்டாம் என்று விலக்கு விதித்தார் கோவ்னோ நகரத்து ஆசாரியர் ஐசக் எல்கனான் ஸ்பெக்டர். 1891-இல் அத்தீவில் யூதர்கள்மேல் பொய்ப்பழி சுமத்திக் கலகம் விளைவித்தபின், பல சமூகங்கள் அத்தீவின் கனியையே வாங்க மறுத்தன. ஒரே கனியைக் குறித்து எழுந்த மறுப்புகளில் முதலாவது ஆசாரத்தைப் பற்றியது, இரண்டாவது நீதியைப் பற்றியது, மூன்றாவது மானத்தைப் பற்றியது. ஆனால் மூன்றும் வெளிக்குப் பேசியது ஒரே பாஷை. இதனால்தான், தூய்மையின் பெயரால் ஒருவர் பேசும்போது, அவர் உள்ளத்தில் பேசுவது எது என்று வெளியிலிருந்து அறிவது அத்தனை கடினமாகிறது.

அந்தக் கடினம் நம் காலத்து வாணிகத்தில் அப்படியே நீடிக்கிறது. அர்ஜென்டினா நாட்டு துக்குமான் மாகாணம் எலுமிச்சைக்கு உலகப் பிரசித்தி பெற்றது. அங்கு விளையும் கனிக்கு அமெரிக்கா 2000-ஆம் ஆண்டில் வாயிலைத் திறந்து, கலிபோர்னியா விவசாயிகள் நியாயஸ்தலம் ஏறியதன் விளைவாக மறு ஆண்டே அடைத்தது. மீண்டும் திறந்தது 2017-இல். இடைப்பட்ட ஒன்றரைத் தசாப்தத்தில் துக்குமானின் கனி ஐரோப்பாவில் விற்றது. பூச்சியும் பூஞ்சையும் காரணமாகச் சொல்லப்பட்டன. சொந்த நாட்டு விவசாயிக்குப் போட்டி வரும் என்ற அச்சம் சொல்லப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவின் வழக்கு இதைவிட நுட்பமானது. ஸ்பெயினுக்கு அடுத்தபடியாக இக்கனிவர்க்கத்தை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் தேசம் அது. ஜொகூர்க் கடைகளிலும் அதன் ஆரஞ்சு விற்கிறது. தோலில் கரும்புள்ளி விழச்செய்யும் ஒரு பூஞ்சையையும், கனிக்குள் புகும் ஓர் அந்துப்பூச்சியையும் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் அதன் கனிகளுக்குக் கடுமையான விதிகளை விதித்திருக்கிறது. கனியை நெடுநாள் கடுங்குளிரில் வைத்தே அனுப்பவேண்டும் என்ற விதி 2022-ஆம் ஆண்டு கோடையில் அமலுக்கு வந்தபோது, பழைய விதியை நம்பிப் புறப்பட்ட கப்பல்கள் கடலில் இருந்தன. நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் முடங்கின. அவ்வாண்டு ஜூலையில் அந்துப்பூச்சியைக் குறித்தும், 2024 ஏப்ரலில் கரும்புள்ளியைக் குறித்தும் தென்னாப்பிரிக்கா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. உண்ணும் கனியின் மூலம் அப்பூஞ்சை ஐரோப்பாவில் வேரூன்றாது என்பது அதன் வாதம். மத்தியதரைக் கடலின் தென்கரையிலுள்ள துனிசியாவில் 2019-இல் அப்பூஞ்சை காணப்பட்டது என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஐரோப்பாவின் அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் கப்பல் கடலில் இருக்கும்போது விதியை மாற்றுவது அச்சத்தால் மட்டும் நேர்வதன்று. எளியவன் நஷ்டம் தன் நஷ்டமாகத் தோன்றாதவனுக்கே அது கைவரும்.

இதைப் படிக்கும் தமிழனுக்கு வேறொரு வாயில் நினைவுக்கு வராமற் போகாது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி மதுரையில் அ. வைத்தியநாதய்யர், தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளிவைக்கப்பட்டிருந்த சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் பிரவேசித்தார். பிற்காலத்தில் சென்னை மாநிலத்து மந்திரியாக விளங்கிய கக்கன் அவர்களில் ஒருவர். தூய்மை கெட்டது என்று பட்டர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்தனர். அதுவரை அவ்வாயிலில் நின்ற தடைக்கும் தூய்மை என்றே பெயர். அத்தடை கப்பலேறி இந்நாட்டுக்கும் வந்தது. தோட்டப்புறத்து லயங்களில், ஒரே கங்காணியின் கீழ் ஒரே பால்மரத்தைச் சீவியவர்களிடையேகூட, யார் எவ்வளவு தூரத்தில் நின்று கும்பிடலாம் என்ற கணக்கு இருந்ததுண்டு. ஆகவே, ‘உன் பொருள் அசுத்தம், என் வாயிலுக்குள் வராதே’ என்ற சொல்லைக் கேட்டால், அதன் பின்னால் நிற்பது காவலா கர்வமா என்று ஆராய்வதற்கு நம்மைவிட அதிகாரம் பெற்றவர் எவரும் இலர்.

ஆராய்வது எப்படி? இரண்டு தடைகளையும் அருகருகே வைத்து நான் நெடுநாள் யோசித்ததுண்டு. ஆலயத் தடைக்குப் பிரமாணம் கேட்க முடியாது; கேட்பதே அபசாரம். அத்தடைக்குப் பரிகாரமும் கிடையாது. குளித்தாலும், விரதமிருந்தாலும், படித்தாலும் தள்ளிவைக்கப்பட்டவன் தள்ளிவைக்கப்பட்டவனே. அது தடுப்பவனைத் தீண்டுவதுமில்லை. அவன் எவ்வளவு அழுக்கனாயினும் உள்ளே போகலாம். தாவரக் காவல் விதியோ, சரியானதாக இருக்குமானால், இந்த மூன்றிலும் நேர்மாறாக இருக்கவேண்டும். 1995 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் சுகாதார, தாவரநல உடன்படிக்கையை எழுதியவர்கள் தத்துவம் எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் அதில் சொல்லியிருப்பது இதுவே. தடைக்கு விஞ்ஞானப் பிரமாணம் வேண்டும். பிரமாணம் போதாதபோது தாற்காலிகமாகத் தடுக்கலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள் மேலும் ஆராய்ந்து மறுபரிசீலனை செய்தாக வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் வாணிகத்தை நெருக்கலாகாது. ஒரு நாட்டின் ஒரு பகுதியில் நோய் இல்லையென்றால், அப்பகுதியின் கனியை நாடு முழுவதன் பழியோடு சேர்த்துத் தள்ளலாகாது. வேறு வழியில் அதே பாதுகாப்பைக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் நாட்டுத் தோப்புக்கு ஒரு நீதி, பிறன் தோப்புக்கு ஒரு நீதி என்று வைக்கலாகாது. எனக்கு இதில் கடைசி விதியே எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப் படுகிறது. தன்னிடத்து மாசைக் காணாமல் பிறனிடத்து மாசையே காண்பதைத்தான் நம் சித்தாந்திகள் ஆணவத்தின் தொழில் என்றார்கள். தேசங்களுக்கும் ஆணவமலம் உண்டு.

விதி நியாயமாக இருந்தும் அதன் பாரம் அநியாயமாக விழுவதும் உண்டு. இதைப் பெரிய தேசங்களின் வழக்குகளில் மட்டும் தேடவேண்டியதில்லை. மலேசியாவில் நல்ல வேளாண்முறைக்கு மைகேப் என்னும் சான்றிதழ் உண்டு; தரம்பிரித்துப் பொதிந்து சீட்டு ஒட்டும் முறைக்கு, 1965-இல் தோன்றிய ஃபாமா என்னும் கூட்டரசு வேளாண் விற்பனை வாரியத்தின் விதிகள் உண்டு; எல்லையில் தனிமைப்படுத்தலும் ஆய்வும் உண்டு; பாலத்தின் அக்கரையில் 2019 முதல் சிங்கப்பூர் உணவு முகமை உண்டு. இவை ஒவ்வொன்றும் அவசியமானது. ஆனால் நூறு ஏக்கர் வைத்திருக்கும் கம்பெனிக்குக் குமாஸ்தா ஒருவன் பூர்த்திசெய்யும் காகிதம், குளுவாங்கிலோ கூலாயிலோ இரண்டு ஏக்கரில் கஸ்தூரி எலுமிச்சை பயிரிடும் சிறு விவசாயிக்கு ஒரு பருவத்து நிம்மதியையே குடித்துவிடுகிறது. அவன் அசுத்தமாக விளைவிக்கவில்லை. சுத்தத்தை நிரூபிக்கும் செலவைத் தாங்க முடியாதவன். அதனால் இடைத்தரகன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, தன் கனி யார் பெயரில் பாலத்தைக் கடக்கிறது என்று அறியாமலே இருந்துவிடுகிறான். குடியானவர்கள் ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு பொதிகூடமும் ஒரு சான்றிதழும் வைத்துக்கொள்வதும், அதற்குச் சர்க்கார் கைகொடுப்பதும் தர்மகாரியங்களே. அம்மனுக்கு எலுமிச்சை மாலை சார்த்த உபயகாரர் கிடைக்கும் நம் சமூகத்தில், அவ்வெலுமிச்சையை விளைவித்தவனின் சான்றிதழுக்கு உபயம் செய்வோர் கிடைக்கமாட்டார்களா? கோவில் நிர்வாகங்கள் தமக்கு வேண்டிய கனியை அண்டையிலுள்ள சிறு விவசாயிகளிடமே நேராக, நியாய விலைக்கு வாங்குவது என்று தீர்மானித்தாலே தொடக்கம் செய்ததாகும்.

அவ்வாறு கூறுவதால், அயலான் பொருள் தெய்வத்துக்கு ஆகாது என்று நான் கூறுவதாக யாரும் எண்ணிவிடலாகாது. ஜொகூர் பாருவிலுள்ள இராஜகாளியம்மன் ஆலயம் 1922-ஆம் ஆண்டில் சிறு குடிலாக எழுந்த நிலம் ஜொகூர் சுல்தான் அளித்தது. 2009-இல் கண்ணாடி ஆலயமாகப் பூர்த்தியான அதன் கர்ப்பக்கிருகத்துச் சுவரில் பதித்த உருத்திராட்சங்கள் நேபாளத்திலிருந்து வந்தவை. பல சமயத்தார் கொடையும் பல தேசத்துப் பொருளும் கலந்து நிற்கும் அவ்விடத்தில் அம்மன் எழுந்தருளியிருப்பதை எவரும் மறுக்கவில்லை. தென்னாப்பிரிக்கக் குடியானவன் விளைவித்த கனியை அவள் சூலம் தள்ளாது.

ஆஸ்திரேலியா செல்லும் அந்தத் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. அவளைக் குற்றம் கூறிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது நியாயமாகாது. வில்வத்தைப் பொறுத்தவரை மரபு அவளுக்கு மிகத் தாராளமாகவே வழி வைத்திருக்கிறது. ஒருமுறை அருச்சித்த வில்வத்தைக் கழுவி மறுபடியும் அருச்சிக்கலாம் என்பது சைவர்கள் அறிந்த வழக்கு; இலை கிடையாவிடத்தில் நீரே போதும். திருநின்றவூர்ப் பூசலார் கல்லும் மண்ணுமின்றி மனத்திலேயே ஆலயம் எடுத்தபோது, காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ அரசன் தன் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஆலயத்தையே மனத்தில் எடுக்கலாமாயின் மூன்று இதழ் இலையை எடுக்கலாகாதா? கறிவேப்பிலையோ அங்குள்ள நாற்றங்கால்களிலேயே கிடைக்கிறது. மகளின் வீட்டுப் பின்புறத்தில் அதை நட்டு, தளிர் சுருளுகிறதா, பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று வாரமொருமுறை பார்த்து, சந்தேகம் தோன்றினால் அந்நாட்டு வேளாண் அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்புவது அவள் கையில் இருக்கிறது. நாம் குடியேறிய எல்லா நாடுகளிலும் நம் வீட்டுக் கொல்லைகளிலேயே இந்தச் செடி நிற்பதால், அந்நாட்டுத் தோப்புக்காரர்களுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் வேறெவராலும் செய்ய முடியாதது. அதைச் செய்துவிட்டு, ஐரோப்பாவின் வாயிலில் பெட்டிகளோடு நிற்கும் தென்னாப்பிரிக்கக் குடியானவனுக்காகவும், பாலத்தின் இக்கரையில் நிற்கும் குளுவாங் விவசாயிக்காகவும், ‘பிரமாணத்தைக் காட்டு, பரிகாரத்தைச் சொல், உன் தோப்புக்கும் அதே விதியை வை’ என்று நாம் கேட்கலாம்.